குழுக் கடன் திரும்பி வருமா? ஃபீல்டு வேலைக்குப் புதிதாக வருபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

மைக்ரோ ஃபைனான்ஸ் நிறுவனத்தில் ஃபீல்டு ஆபீசராகச் சேருபவர்களுக்கு முதல் வாரத்தில் இரண்டு வேலைகளை நன்றாகச் சொல்லித் தருவார்கள்: குழு சேர்ப்பது, டியூ வசூலிப்பது. இரண்டுக்கும் நடுவில் இன்னொரு வேலை இருக்கிறது. இந்த வீட்டால் இந்தத் தவணையை இரண்டு வருடம் கட்ட முடியுமா என்று உட்கார்ந்து கணக்குப் பார்ப்பது. அதை டேப்லெட்டில் இருக்கும் ஆப் பார்த்துக்கொள்ளும் என்று பலர் விட்டுவிடுகிறார்கள். நீங்கள் எதைத் தட்டுகிறீர்களோ அதைத்தான் ஆப் பார்க்கும்.

வசூல் கெட்டுப்போன குழுவைப் பற்றிக் கிளையில் பேச்சு வந்தால், "அந்த ஏரியா ஆளுங்களே அப்படித்தான் சார்" என்று யாராவது ஒருவர் சொல்வார். ஆளின் குணத்தால் நின்ற கடன்கள் உண்டு, ஆனால் குறைவு. நின்றவற்றில் பெரும்பாலானவை கொடுத்த அன்றே கெட்டவை. தவணை அந்த வீட்டு வருமானத்துக்குப் பொருந்தவில்லை, அல்லது ஏற்கெனவே இருந்த கடன்களை யாரும் எண்ணவில்லை, அல்லது கையெழுத்துப் போட்டவர் கைக்குப் பணமே போகவில்லை. வசூலில் காட்டும் வேகத்தில் பாதியைக் கடன் கொடுப்பதற்கு முன்பு காட்டினால் உங்கள் நிலுவைப் பட்டியல் சுருங்கிவிடும். அதனால் இந்தக் கட்டுரையிலும் முன்வேலைக்குத்தான் அதிக இடம்.

இங்கே பேசுவது ரிசர்வ் வங்கியில் பதிவு பெற்ற நிறுவனங்கள் தமிழ்நாட்டில் பெண்களுக்குத் தரும் குழுக் கடனைப் பற்றி. சுய உதவிக் குழுவின் வங்கிக் கடன் வேறு வகை. அங்கே சேமிப்பு முதலில் வருகிறது, கடன் குழுவின் பேரில் போகிறது. இரண்டையும் மக்கள் "மகளிர் குழு லோன்" என்றே சொல்வார்கள். நீங்கள் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

முதலில்: எவ்வளவு வருகிறது என்பதற்கு முன், எப்போது வருகிறது என்று கேளுங்கள்

"மாசம் எவ்வளவுக்கா வருமானம்?" என்று கேட்டால் ஓர் எண் கிடைக்கும். அது நல்ல மாதத்தின் எண். கடன் வேண்டும் என்று உட்கார்ந்திருப்பவர் கெட்ட மாதத்தைச் சொல்ல மாட்டார். "வருஷத்துல எந்த மாசம்க்கா ரொம்பக் கஷ்டம்?" என்று கேட்டுப் பாருங்கள். அதற்கு எல்லோரிடமும் பதில் இருக்கும், தயங்காமலும் சொல்வார்கள்.

ஒரு தாளில் பன்னிரண்டு மாதத்தையும் எழுதி, ஒவ்வொன்றுக்கும் நேராக வரவைப் போடுங்கள். ஊருக்கு ஊர் இது மாறும். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு 61 நாள் மீன்பிடித் தடை. நிவாரணம் வரும், ஆனால் அது சாப்பாட்டுக்கே சரியாகப் போகும். தூத்துக்குடி உப்பளங்களில் வடகிழக்குப் பருவமழை தொடங்கினால் வேலை இல்லை. சிவகாசிப் பக்கம் தீபாவளிக்கு முன்பு ஓவர்டைம், தீபாவளி முடிந்ததும் ஆலைகள் சில வாரம் ஓய்ந்துவிடும். டெல்டாவில் நடவு, களை, சம்பா அறுவடை என்று கூலி சில வாரங்களில் குவியும், மற்ற நேரம் வெறும் கைதான். காஞ்சிபுரம், ஆரணிப் பக்கம் குழித்தறி வைத்திருப்பவர்களுக்கு மழைக்காலத்தில் குழியில் தண்ணீர் ஊறும். ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் இல்லாததால் பட்டுக்கும் கிராக்கி குறையும். பெயிண்டர், கொத்தனார் வீடுகளுக்கு ஐப்பசி, கார்த்திகையைக் கேட்கவே வேண்டாம்.

செலவுக்கும் நாட்காட்டி உண்டு. ஜூனில் பள்ளிக்கூடம் திறக்கும். கோயில் கொடை, தீபாவளி, பொங்கல், தங்கச்சி மகளுக்குக் காதுகுத்து என்று வரிசை போகும். மொய்யைத் தனியாகக் கேளுங்கள். பேராவூரணி, கீரமங்கலம், வடகாடு போன்ற ஊர்களில் ஆடி, ஆவணியில் மொய் விருந்து நடக்கும். வாங்கிய மொய்யைக் கூட்டித் திருப்பிச் செய்யாவிட்டால் ஊரில் தலைகாட்ட முடியாது. உங்கள் தவணைக்கும் மொய்க்கும் ஒரே வாரத்தில் பணம் வேண்டுமென்றால் எது முதலில் போகும் என்பதில் சந்தேகம் வேண்டாம். மொய்தான்.

இந்தத் தாளை வைத்துச் செய்ய வேண்டிய சோதனை ஒன்றே ஒன்று. மோசமான மாதத்தின் வரவிலிருந்து சாப்பாடு, வாடகை, கரண்ட், பஸ் செலவைக் கழியுங்கள். மிச்சத்தில் தவணை அடங்குகிறதா? அடங்கவில்லை என்றால், அந்த மாதத்துக்கு வேறு எங்கிருந்து பணம் வரும் என்று கேளுங்கள். "அம்மா வீட்டுல கேப்பேன்", "சீட்டுப் பணம் வரும்" என்று குறிப்பாகச் சொன்னால் பரவாயில்லை. "பாத்துக்கலாம் சார்" என்றால் தொகையைக் குறைப்பது நல்லது.

தேதியையும் இங்கேயே முடிவு செய்துவிடலாம். மகளிர் உரிமைத் தொகை மாத நடுவில் கணக்கில் ஏறுகிறது. மில் சம்பளம் மாதத்தின் முதல் வாரம் வரும். திருப்பூர் பனியன் கம்பெனிகளில் வாரச் சம்பளம் சனிக்கிழமை. சென்டர் மீட்டிங் (ஒரு பகுதியின் குழுக்கள் சேர்ந்து கூடித் தவணை கட்டும் கூட்டம்) வெள்ளிக்கிழமை என்று வைத்துவிட்டு, அந்தப் பெண்கள் இழுக்கிறார்கள் என்று குறை சொல்வதில் நியாயம் இல்லை. நூறு நாள் வேலைக் கூலியை மட்டும் நம்பித் தேதி குறிக்காதீர்கள். அது வரும்போது வரும்.

அடுத்து: மொத்தக் கடனை எண்ணுங்கள்

எல்லாவற்றையும் விட நேரம் செலவழிக்க வேண்டிய இடம் இது.

ரிசர்வ் வங்கி 2022 மார்ச்சில் வெளியிட்டு அந்த ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்த விதிகளின்படி, ஆண்டு வருமானம் 3 லட்சம் ரூபாய் வரை உள்ள குடும்பத்துக்கு அடமானம் இல்லாமல் தரும் கடன்தான் மைக்ரோ ஃபைனான்ஸ் கடன். குடும்பம் என்றால் கணவன், மனைவி, திருமணம் ஆகாத பிள்ளைகள். அந்தக் குடும்பம் மாதந்தோறும் கட்டும் எல்லாக் கடன் தவணைகளும் சேர்ந்து மாத வருமானத்தில் 50 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. உங்கள் நிறுவனத்தின் தவணை மட்டுமல்ல, எல்லாமும். பெண் பேரில் மட்டும் கிரெடிட் ரிப்போர்ட் (ஒருவர் வாங்கிய கடன்களைக் காட்டும் அறிக்கை) எடுத்துவிட்டுக் கணவர் பேரில் ஓடும் பைக் லோனை விட்டுவிடுவது புதியவர்கள் அடிக்கடி செய்வது.

2024-இல் எம்ஃபின் என்ற, மைக்ரோ ஃபைனான்ஸ் நிறுவனங்களின் சுய ஒழுங்கு அமைப்பு இதற்கு மேல் இன்னும் வரம்புகள் வைத்தது. ஒருவருக்கு மொத்த மைக்ரோ கடன் 2 லட்சத்தைத் தாண்டக் கூடாது, கடன் தரும் நிறுவனங்கள் மூன்றுக்கு மேல் போகக் கூடாது. இவையெல்லாம் கிரெடிட் ரிப்போர்ட்டில் தெரியும் கடன்களுக்குத்தான். தெரியாததை நீங்கள்தான் கேட்டு எழுத வேண்டும்.

ஒரு கற்பனைக் கணக்கு. கணவர் பெயிண்டர், சராசரியாக மாதம் 12,000 ரூபாய். மனைவி தையல், 6,000. மொத்தம் 18,000, அதில் பாதி 9,000. ரிப்போர்ட்டில் ஏற்கெனவே இரண்டு குழுக் கடன்கள், மாதம் 2,300-ம் 2,100-ம். கணவரின் மொபைலுக்கு 1,500. ஆக 5,900. இப்போது நீங்கள் 40,000 ரூபாய் தருகிறீர்கள், 24 மாதம், குறையும் அசலுக்கு ஆண்டுக்கு 24 சதவீத வட்டி. தவணை சுமார் 2,115 வரும். கூட்டினால் 8,015. 9,000-க்குள் இருக்கிறது, ஆப் பச்சை காட்டும்.

இனி ரிப்போர்ட்டில் இல்லாதவற்றைச் சேருங்கள். தண்டலுக்குத் தினம் 100, மாதம் 3,000. அடகுக் கடையில் தோட்டுக்கு வட்டி 600. ஏலச் சீட்டு 1,000. இப்போது மொத்தம் 12,615. நல்ல மாதத்திலேயே நான்கு பேர் சாப்பிட மிஞ்சுவது 5,385 ரூபாய். மழை மாதத்தில் பெயிண்டருக்கு 5,000-தான் வந்தது என்றால் குடும்ப வரவு 11,000. எல்லாக் கடனையும் கட்டக் குடும்பமே பட்டினி கிடந்தாலும் 1,615 குறைகிறது. இந்தக் கடன் ஐப்பசியில் நிற்கும் என்பது சித்திரையிலேயே தெரிந்துவிட்டது. ஐப்பசியில் அந்த அக்காவை நிற்கவைத்துத் திட்டி ஆகப்போவது ஒன்றுமில்லை.

மறைந்திருக்கும் கடனைக் கேட்பதற்குச் சில வழிகள் உண்டு. "தண்டல் வாங்கியிருக்கீங்களா?" என்று கேட்டால் இல்லை என்பார்கள். "இந்தத் தெருவுக்குத் தண்டல்காரர் எத்தனை மணிக்கு வருவார்?" என்று கேளுங்கள். சொல்லும் விதத்திலேயே பாதி தெரிந்துவிடும். மளிகைக் கடையில் கணக்கு நோட்டு இருக்கிறதா, எவ்வளவு நிற்கிறது என்று கேட்கலாம். சீட்டு எத்தனையாவது மாதம், எடுத்தாயிற்றா இல்லையா என்பது முக்கியம். எடுக்காத சீட்டு சேமிப்பு, எடுத்த சீட்டு கடன். சுவரில் ஆணியில் மாட்டியிருக்கும் லோன் கார்டுகளை எண்ணுங்கள். நகையைப் பற்றி மாமியார் முன்னால் கேட்காதீர்கள். அடகு வைத்தது வீட்டில் யாருக்கும் தெரியாமல் இருக்கலாம்.

கிரெடிட் ரிப்போர்ட்டின் ஓட்டைகளையும் தெரிந்துகொள்ளுங்கள். நேற்று இன்னொரு நிறுவனம் கொடுத்த கடன் இன்று அதில் இருக்காது, ஏறச் சில நாட்கள் ஆகும். ஒரே வாரத்தில் மூன்று நிறுவனங்கள் ஒரே தெருவில் கொடுத்தால் மூவருமே மற்ற இருவரைப் பார்த்திருக்க மாட்டார்கள். ஓர் இடத்தில் ஆதார், இன்னோர் இடத்தில் வாக்காளர் அட்டை, பெயரின் எழுத்தில் சின்ன மாற்றம் என்று இருந்தாலும் பழைய கடன் விட்டுப்போகும். நிறுவனங்கள் புதிதாக வந்து குவியும் தெருவில், ரிப்போர்ட் சுத்தமாக இருக்கிறது என்பதற்காக மட்டும் கையெழுத்துப் போடாதீர்கள்.

பணம் யார் கைக்குப் போகிறது?

2022 விதிகளின்படி, கடனைத் தொழிலுக்குத்தான் செலவு செய்ய வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பள்ளிக் கட்டணம், ஆஸ்பத்திரிச் செலவு, வீட்டுக் கூரை எதுவானாலும் சரி. அதனால் "கறவை மாடு" என்று விண்ணப்பத்தில் பொய்யாக எழுத வைக்காதீர்கள். மீட்டர் வட்டியை அடைக்க உங்கள் கடனை வாங்குகிறார் என்றால் அது கெட்ட காரணமே அல்ல, அந்த வீட்டின் மாதச் செலவு உண்மையிலேயே குறையும். ஆனால் அடைத்தாரா என்று போய்ப் பார்க்க வேண்டும். அடைக்காமல் இரண்டையும் கட்டிக்கொண்டிருந்தால் மேலே சொன்ன பெயிண்டர் வீட்டுக் கதைதான்.

உண்மையான ஆபத்து, பேருக்கு எடுத்துக் கொடுத்த கடன். கையெழுத்து ஒருவருடையது, பணம் சென்டர் லீடருக்கோ, நாத்தனாருக்கோ, "நான் கட்டிடறேன்" என்று சொன்ன பக்கத்து வீட்டுக்காரருக்கோ போயிருக்கும். அவர் நான்கைந்து மாதம் ஒழுங்காகக் கட்டுவார், பிறகு நிற்கும். அப்போது ஒரு சென்டரில் ஆறேழு கடன்கள் ஒரே நாளில் நிற்கும். கையெழுத்துப் போட்டவர்களோ, "நான் ஒரு ரூபா தொடல தம்பி" என்று அழுவார்கள். அது பொய்யும் அல்ல.

முன்கூட்டியே தெரியும் அடையாளங்கள் உண்டு. பணம் எதற்கு என்று கேட்டால் அந்தப் பெண், லீடரின் முகத்தைப் பார்ப்பார். பலருடைய லோன் கார்டும் ஏடிஎம் கார்டும் ஒரே வீட்டில் இருக்கும். உறுப்பினர் வராத நாட்களிலும் தவணை மட்டும் சரியாக வந்துவிடும். இந்தக் கடைசி அடையாளத்தைத்தான் புதியவர்கள் நல்ல சென்டர் என்று நினைத்துக்கொள்கிறார்கள். கடன் கொடுத்து மூன்று நான்கு வாரத்துக்குள் வீட்டுக்குப் போய், தையல் மெஷினோ, மாடோ, கட்டிய ஃபீஸ் ரசீதோ இருக்கிறதா என்று பாருங்கள். லீடரைக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள்.

குழு எதற்கு உதவும், எதற்கு உதவாது

ஒருவர் கட்டாவிட்டால் மற்றவர்கள் கட்டுவார்கள், அதனால் கடன் பாதுகாப்பு என்பது பழைய பாடம். இதைப் பரிசோதித்துப் பார்த்திருக்கிறார்கள். பிலிப்பைன்ஸில் ஷேவியர் ஜினே, டீன் கார்லன் என்ற இரண்டு பொருளாதார ஆய்வாளர்கள், ஒரு வங்கியின் சில சென்டர்களில் கூட்டுப் பொறுப்பை எடுத்துவிட்டு, அவரவர் கடனுக்கு அவரவர் பொறுப்பு என்று மாற்றினார்கள். மீட்டிங் மட்டும் முன்பு போலவே நடந்தது. கடன் தவறுவது கூடவில்லை. வங்கதேசத்தின் கிராமீன் வங்கியே 2000-க்குப் பிறகு தன் முறையைத் திருத்தியபோது, ஒருவர் கடனுக்கு இன்னொருவரைப் பொறுப்பாக்குவதை விட்டுவிட்டது.

அப்படியென்றால் குழுவே வீண் என்று அர்த்தமில்லை. பெரு நாட்டில் கார்லன் பார்த்தபோது, பக்கத்தில் பக்கத்தில் வசிப்பவர்களும் ஒரே மாதிரிப் பின்னணி உள்ளவர்களும் அதிகமாக இருந்த குழுக்கள் ஒழுங்காகக் கட்டின. கொல்கத்தாவில் வாரந்தோறும் கூடிய பெண்கள், மாதம் ஒரு முறை கூடியவர்களைவிட மீட்டிங்குக்கு வெளியிலும் அதிகம் பழகினார்கள். அவர்களுடைய அடுத்த கடனில் தவறுதல் குறைவாக இருந்தது. குழுவால் வரும் லாபம், ஒருவரைப் பற்றி இன்னொருவருக்குத் தெரிந்திருப்பதும் ஒரு மாதம் இடறினால் கைமாற்றுக் கொடுக்க ஆள் இருப்பதும்தான்.

ஆகவே குழு சேர்க்கும்போது "எத்தனை வருஷமாப் பழக்கம்?" என்று ஒவ்வொருவரையும் தனியாகக் கேளுங்கள். நான்கு தெருவிலிருந்து ஒரு புரோக்கர் திரட்டிக் கொண்டுவந்த ஐந்து பேர் குழு ஆக மாட்டார்கள். ஆளுக்கு இவ்வளவு என்று கமிஷன் வாங்குபவர் இருந்தால் அந்தத் தெருவையே விட்டுவிடுங்கள். லீடரை வருடத்துக்கு ஒரு முறையாவது மாற்றுங்கள்.

ஒருவருடைய தவணையை மற்ற நால்வரிடம் பிரித்து வாங்குவதை ஒரு மாதம் செய்யலாம், அவர்களாகவே முன்வந்தால். மூன்றாவது மாதமும் அதையே செய்தால் ஒழுங்காகக் கட்டுபவர்கள்தான் முதலில் வெளியேறுவார்கள். மிஞ்சுவது யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

வாரத் தவணையா, மாதத் தவணையா

இதில் உங்களுக்கு அதிகாரம் குறைவு, அதனால் சுருக்கமாக. வாரா வாரம் வாங்கினால்தான் ஒழுக்கம் இருக்கும் என்பது இந்தத் தொழிலின் நம்பிக்கை. எரிக்கா ஃபீல்ட், ரோகிணி பாண்டே என்ற பொருளாதார ஆய்வாளர்கள் இருவரும் கொல்கத்தாவில் முதல் கடன் வாங்குபவர்களிடம் சோதித்தபோது, வாரத்துக்கும் மாதத்துக்கும் கடன் தவறுவதில் வேறுபாடு காணவில்லை. பின்னொரு ஆய்வில் முதல் தவணைக்கு முன்பு இரண்டு மாத அவகாசம் தந்தார்கள். தொழிலில் முதலீடு கூடியது, லாபமும் கூடியது, கூடவே கடன் தவறுவதும் கூடியது. கையில் பணம் புரள நேரம் கிடைத்தால் சிலர் துணிந்து இறங்குவார்கள், அதில் சிலர் தோற்பார்கள். எது நல்லது என்று ஒரே வரியில் சொல்ல முடியாது. மாடு வாங்குபவருக்கு அவகாசம் நியாயம், சம்பளக்காரர் வீட்டுக்குத் தேவையில்லை. உங்கள் கையில் இருப்பது தொகை, காலம், தேதி. அதை மட்டும் சரியாகப் பாருங்கள்.

கடன் கொடுக்கும் நாளில்

வட்டி எவ்வளவு என்று கேட்டால் பெரும்பாலான உறுப்பினர்கள் தவணைத் தொகையைத்தான் சொல்வார்கள். நீங்கள் வாய்விட்டுச் சொல்லுங்கள்: கையில் வருவது இவ்வளவு, பிடித்தம் இவ்வளவு, இரண்டு வருடத்தில் மொத்தம் கட்டுவது இவ்வளவு. மேலே சொன்ன 40,000-க்கு மொத்தம் கட்டுவது சுமார் 50,760 ரூபாய். லோன் கார்டு அவருக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும், அவர் கையில் இருக்க வேண்டும். முன்கூட்டி அடைத்தால் அபராதம் கிடையாது. தாமதமானால் அபராதம் நிலுவைக்கு மட்டும்தான், முழுக் கடனுக்கும் போடக் கூடாது. இவையும் ரிசர்வ் வங்கி விதிகளே.

ரசீது தருவதில் சோம்பல் வேண்டாம். வாங்கிய பணத்தைக் கார்டில் எழுதாமல் "அப்புறம் போட்டுக்கலாம்" என்று சொன்ன ஓர் ஆபீசரால் ஒரு சென்டர் முழுவதும் நம்பிக்கை இழக்கும். அதற்குப் பிறகு அங்கே எத்தனை நல்லவர் போய் நின்றாலும் தவணை இழுக்கத்தான் செய்யும். ஆபீசர் யார் என்பதற்கு மதிப்பு உண்டு. பிலிப்பைன்ஸில் தவணையை நினைவூட்டிக் குறுஞ்செய்தி அனுப்பிப் பார்த்தார்கள். ஏற்கெனவே பழகிய ஆபீசரின் பெயர் அதில் இருந்தபோதுதான் பலன் தெரிந்தது. நீங்கள் இடம் மாறும்போது புதியவரை நேரில் கூட்டிப்போய் அறிமுகம் செய்து வையுங்கள்.

முதல் தவணை தவறினால்

அன்றே பேசுங்கள். கத்துவதற்காக அல்ல, காரணம் பிரிப்பதற்காக. ஒரு நாள் இரண்டு நாள் தாமதம் பணம் வரும் தேதியின் கோளாறு, தேதியை மாற்றினால் தீரும். ஆஸ்பத்திரி, சாவு, வேலை நின்றது போன்றவை அதிர்ச்சி. அதற்குத் தவணையைத் தள்ளவோ காலத்தை நீட்டவோ கிளை மேலாளரிடம் எழுதிக் கேளுங்கள், வாய்வார்த்தையாக வாக்குக் கொடுக்காதீர்கள். இருக்கிற கடனெல்லாம் சேர்ந்து கழுத்தை நெரிக்கிறது என்றால், பழையதை அடைக்கப் புதுக் கடன் கொடுப்பதுதான் செய்யக் கூடாத முதல் காரியம். அது உங்கள் இந்த மாத டார்கெட்டை மட்டும் காப்பாற்றும். நான்காவது, கட்ட முடிந்தும் கட்டாதவர். அவர் உண்டு, ஆனால் மற்ற மூன்றும் இல்லை என்று பார்த்த பிறகுதான் அந்தப் பெயரை வைக்க வேண்டும். குடிக்கிற கணவர் தவணைப் பணத்தை எடுத்துப் போய்விட்ட வீட்டை இந்த நான்காவது வகையில் சேர்ப்பது கிளைகளில் சர்வ சாதாரணமாக நடக்கிறது. அது சரியல்ல.

எல்லை எங்கே என்பதும் முதல் நாளே தெரிந்திருக்க வேண்டும். வசூல், இரு தரப்பும் ஒத்துக்கொண்ட இடத்தில்தான். அடுத்தடுத்து இரண்டு முறையாவது அங்கே வராவிட்டால் மட்டுமே வீட்டுக்கோ வேலை செய்யும் இடத்துக்கோ போகலாம். காலை 9 மணிக்கு முன்பும் மாலை 6 மணிக்குப் பிறகும் போன் செய்யக் கூடாது. மிரட்டல், கெட்ட வார்த்தை, உறவினர்களைத் தொந்தரவு செய்வது, பெயரை வெளியிடுவது எல்லாமே ரிசர்வ் வங்கி தடை செய்தவை. கட்டாய வசூலைத் தடுக்கத் தமிழ்நாடு 2025-இல் தனிச் சட்டமும் கொண்டுவந்தது. இரவு எட்டு மணி வரை வாசலில் உட்காரச் சொல்லும் மேலாளர் உங்களுக்குக் கிடைத்தால், வழக்கு உங்கள் பேரிலும் வரலாம் என்பதை மறக்காதீர்கள்.

இன்னொன்று. அப்படி வாங்கிய தவணை பெரும்பாலும் தண்டலிலிருந்தோ அடகிலிருந்தோ வந்ததாகத்தான் இருக்கும். அடுத்த மாதம் அதே வீட்டில் இன்னும் பெரிய ஓட்டை தெரியும்.

ஊரே நிறுத்தினால்

சில சமயம் தனி வீட்டுக் காரணங்கள் எதுவும் பொருந்தாது. ஆந்திராவில் 2006-இல் கிருஷ்ணா மாவட்டத்தில் ஒரு முறை எச்சரிக்கை மணி அடித்தது, யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒரே வீட்டுக்குப் பல நிறுவனங்கள் போட்டி போட்டுக் கொடுத்தன. கடன் தொல்லையால் தற்கொலைகள் என்று செய்திகள் வந்தன. 2010 அக்டோபரில் இந்த நிறுவனங்களைக் கட்டுப்படுத்த மாநில அரசு அவசரச் சட்டம் போட்டதும் வசூல் சரிந்தது, அதுவரை ஒழுங்காகக் கட்டியவர்களும் நிறுத்தினார்கள். ஏன்? பலர் இந்தத் தவணையைக் கட்டுவதே அடுத்த கடன் வரும் என்பதற்காக. கடன் கொடுத்த நிறுவனமே நாளை இருக்குமா என்று சந்தேகம் வந்துவிட்டால் அந்தக் காரணம் போய்விடுகிறது. வங்கிகள் அந்தச் சமயம் மைக்ரோ ஃபைனான்ஸ் நிறுவனங்களுக்குப் பணம் தருவதை நாடு முழுக்கச் சுருக்கிக்கொண்டதால், அடுத்த கடன் வராது என்ற பயம் உண்மையாகவும் ஆனது.

2016 நவம்பரில் 500, 1,000 ரூபாய் நோட்டுகள் செல்லாமல் போனபோது கையில் பணம் இருந்தும் கட்ட முடியாத நிலை. 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வேதாரண்யம் அருகே கரை கடந்தபோது, நாகை, திருவாரூர், தஞ்சை, புதுக்கோட்டை மாவட்டங்களில் தென்னந்தோப்புகள் சாய்ந்தன. தென்னை மறுபடி காய்க்க வருடக் கணக்கில் ஆகும். உங்கள் தவணை 24 மாதம். அந்த நேரத்திலும் கடன் வசூலுக்கு ஆள் அனுப்பிய நிறுவனங்கள் மேல் ஊர்களில் எழுந்த கோபம் இன்றும் சில இடங்களில் ஆறவில்லை. 2020-இல் ரிசர்வ் வங்கி மார்ச் முதல் ஆகஸ்ட் வரை தவணையைத் தள்ளிவைக்க அனுமதித்தபோது, அந்த மாதங்களுக்கும் வட்டி ஓடும் என்பதைப் பலருக்கு யாரும் விளக்கிச் சொல்லவில்லை. சண்டை பிறகு வந்தது.

இப்படிப்பட்ட நேரத்தில் நீங்கள் செய்ய வேண்டியது, மீட்டிங்கை நிறுத்தாமல் போய் உட்காருவது. பணம் கேட்காமல் போங்கள். யார் வீடு எப்படி இருக்கிறது, யாருக்கு எப்போது வேலை திரும்பும் என்று எழுதிக் கிளைக்கு அனுப்புங்கள். அரசு தள்ளுபடி என்று பேச்சு வந்தால் உண்மையைத் தெளிவாகச் சொல்லுங்கள். 2021-இல் தமிழ்நாடு அரசு கூட்டுறவு வங்கிகளில் மகளிர் குழுக்கள் வாங்கிய கடனைத் தள்ளுபடி செய்தது. தனியார் நிறுவனக் கடனுக்கு அது பொருந்தாது. தேர்தல் நெருங்கினால் இந்தக் கேள்வி மறுபடி வரும்.

கடன் வாங்கியவர் இறந்துவிட்டால்

பயிற்சியில் கடைசிப் பக்கத்தில் இருக்கும், அதனால் பலரும் படிப்பதில்லை. பெரும்பாலான குழுக் கடன்களோடு ஒரு காப்பீடு சேர்ந்தே வருகிறது, பல நிறுவனங்களில் கணவருக்கும் சேர்த்து. பிரீமியம் முதல் நாளே பிடிக்கப்பட்டிருக்கும். அந்த வீட்டுக்கே இது தெரியாமல் இருக்கலாம். சாவு நடந்த வீட்டில் தவணை கேட்காதீர்கள், குழுவிடமும் அந்தப் பங்கைக் கேட்காதீர்கள். கிளைக்கு அன்றே தகவல் சொல்லுங்கள். காரியம் முடிந்த பிறகு போய், இறப்புச் சான்றிதழ், ஆதார், நாமினியின் வங்கிப் பாஸ்புக் நகல், லோன் கார்டு ஆகியவற்றை வாங்கி விண்ணப்பத்தை நீங்களே பூர்த்தி செய்து கொடுங்கள். இழப்பீட்டில் மீதிக் கடன் போக ஏதாவது வர வேண்டியிருந்தால் அது குடும்பத்தின் கணக்குக்குப் போய்ச் சேர்ந்ததா என்று ஒரு மாதம் கழித்து விசாரியுங்கள். விண்ணப்பத்தில் நாமினி பெயர் தப்பாக இருந்தால் எல்லாம் இங்கேதான் சிக்கும், ஆகவே கடன் கொடுக்கும் நாளில் அந்த ஒரு கட்டத்தை இரண்டு தடவை படித்துக் காட்டிவிடுங்கள்.